விரட்டிய கடையில் விருந்து!

இங்கிலாந்தில் ஸ்மெதிக் என்று ஓர் ஊர் இருக்கிறது. பர்மிங்காம் நகரத்துக்கு மேற்கே, அதை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். அதற்குப் பக்கத்து ஊர் வெஸ்ட் பிராம்விச். இரண்டுமே இரும்பு ஆலைத் தொழிலாளர்களின் உழைப்பால் வளர்ந்த ஊர்கள்.

இந்த ஊர்களின் தெருமுனைகளில் சில கடைகள் உண்டு. சனிக்கிழமை மாலை அங்கே போனால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு மேஜையில் வெள்ளைக்காரக் குடும்பம். தாத்தா, பாட்டி, பேரக் குழந்தைகள். அடுத்த மேஜையில் தலைப்பாகை கட்டிய சீக்கியப் பெரியவர்கள். அதற்கும் அடுத்த மேஜையில் கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்த வாலிபர்கள். எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரித் தட்டு. தட்டில் ஆவி பறக்கிறது. சீரகமும் இஞ்சியும் பூண்டும் மணக்கின்றன.

"சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள்.

அதிசயம் இருக்கிறது.

1960-ம் ஆண்டில் இதே ஊர்களில், இதே போன்ற கடைகளில், ஓர் இந்தியர் நுழைந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? "இந்த அறை உனக்கு இல்லை. அந்தப் பக்கம் போ" என்று சொல்லியிருப்பார்கள்.

அன்று விரட்டிய கடையில் இன்று விருந்து நடக்கிறது. விருந்து வைப்பவர்கள் யார்? விரட்டப்பட்டவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும்தான்!

இது எப்படி நடந்தது? இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விரும்புகிறேன்.

"பொது வீடு"

அந்தக் கடைகளுக்கு "பப்" என்று பெயர். "பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கம் அது. தமிழில் சொன்னால் "பொது வீடு".

எவ்வளவு நல்ல பெயர், பாருங்கள்!

பப்பில் பீர் விற்பார்கள். மதுபானம்தான் அதன் பழைய வியாபாரம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு அது நிற்பதில்லை. வேலை முடிந்தவர்கள் களைப்பாற அங்கே வருவார்கள். ஊர் வம்பு பேசுவார்கள். சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் அம்பு எறிந்து விளையாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பல பப்களில் குடும்பத்தோடு வந்து சாப்பிடுவார்கள். பிறந்த நாள் கொண்டாட்டமும் அங்கேதான். இறந்தவரை அடக்கம் செய்துவிட்டு உறவினர்கள் கூடுவதும் அங்கேதான்.

நம் ஊருக்கு டீக்கடை பெஞ்சு எப்படியோ, கோவில் மண்டபம் எப்படியோ, அப்படி அவர்கள் ஊருக்குப் பப்.

"மதுக்கடையைப் புகழ வந்துவிட்டாயா?" என்று தாய்மார்கள் கோபிக்கக்கூடும். இல்லை, தாயே! குடியால் கெட்ட குடும்பங்கள் நம் நாட்டிலும் உண்டு, அங்கேயும் உண்டு. அந்தப் பஞ்சாபிக் குடும்பங்களிலேயே குடியால் அழிந்தவர்கள் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. பப்புக்குப் போய் ஒரு கோப்பைப் பழரசம் வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பேசப்போவது கோப்பையைப் பற்றி அல்ல; தட்டைப் பற்றி. அந்தத் தட்டுக்கு முன்னால் யார் உட்காரலாம் என்ற கேள்வியைப் பற்றி.

பவுண்டரிக்கு வந்தவர்கள்

ஸ்மெதிக்கைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்குக் "கருப்பு நாடு" என்று ஒரு பெயர் உண்டு. மனிதர்களின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல அது. நிலக்கரியும் ஆலைப் புகையும் சேர்ந்து ஊரையே கருப்பாக்கியதால் வந்த பெயர்.

இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலைகள் அங்கே ஏராளமாக இருந்தன. நம் கோயம்புத்தூர்ப் பக்கம் "பவுண்டரி" என்று சொல்வார்களே, அதே ஆலைகள்தான்.

இரண்டாவது உலகப் போர் 1945-ம் ஆண்டில் முடிந்தது. இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் போதவில்லை. 1948-ம் ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, காமன்வெல்த் நாடுகளில் உள்ளவர்கள் அங்கே போய் வேலை செய்யத் தடை இல்லை. 1962-ம் ஆண்டில் கட்டுப்பாடு வரும்வரை இந்த நிலை நீடித்தது. பஞ்சாபிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள், விமானம் ஏறினார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த வேலை என்ன? வெள்ளைக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை. உலைக்கு முன்னால் நிற்கும் வேலை. இரவு முறை வேலை.

வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்துக்கொண்டு தங்கினார்கள். பகல் வேலைக்காரர் எழுந்த கட்டிலில் இரவு வேலைக்காரர் வந்து படுப்பார். கட்டிலின் சூடு ஆறாது!

உலையின் முன்னால் எட்டு மணி நேரம் வெந்தவர்கள், வேலை முடிந்ததும் எங்கே போவார்கள்? வீட்டில் உட்கார இடம் இல்லை. உடன் வேலை செய்த வெள்ளைக்காரத் தொழிலாளி எங்கே போனாரோ, அங்கேயே இவர்களும் போனார்கள். தெருமுனைப் பப்புக்குப் போனார்கள்.

ஒரே கடை, இரண்டு அறை

அந்தக் காலத்துப் பப்பில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்று, சாதாரண அறை. வெறும் தரை, மரப் பலகை. இன்னொன்று, கொஞ்சம் வசதியான அறை. தரையில் கம்பளம், மெத்தை வைத்த இருக்கை. அங்கே பீர் விலையும் சற்றுக் கூடுதல்.

கூடுதல் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அந்த அறையில் உட்காரலாம் அல்லவா? நியாயம் அப்படித்தான் சொல்லும். ஆனால் ஸ்மெதிக்கில் பல பப்களில் நடந்தது வேறு. வசதியான அறை வெள்ளையருக்கு மட்டும். இந்தியர்களும் கருப்பர்களும் சாதாரண அறையோடு நிற்க வேண்டும். சில கடைகளில் அதுவும் கிடையாது, வாசலோடு சரி.

பெயரோ "பொது வீடு". உள்ளே இருந்ததோ வேலி!

1958-ம் ஆண்டில் பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். பெயர் அவதார் சிங் ஜோஹல். அவரும் பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். பப்பில் மட்டுமா பேதம்? சில ஆலைகளில் கழிப்பிடம்கூட ஐரோப்பியருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று என்று இருந்ததை அவர் கண்டார்.

"நமக்கேன் வம்பு?" என்று அவர் இருந்துவிடவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். பிற்காலத்தில் அதன் பெரிய தலைவர்களில் ஒருவர் ஆனார்.

தேர்தலில் புகுந்த நஞ்சு

1964-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி இங்கிலாந்தில் பொதுத் தேர்தல் நடந்தது. நாடு முழுவதிலும் தொழிற்கட்சி ஜெயித்து ஆட்சியைப் பிடித்தது. ஆனால் ஸ்மெதிக்கில் மட்டும் கதை மாறியது.

அங்கே தொழிற்கட்சியின் சார்பில் நின்றவர் பாட்ரிக் கார்டன் வாக்கர். கட்சி ஜெயித்தால் வெளிநாட்டு மந்திரி ஆகப்போகிறவர் என்று எல்லோரும் எதிர்பார்த்த பெரிய மனிதர். அவரைக் கன்சர்வேடிவ் கட்சியின் பீட்டர் கிரிபித்ஸ் தோற்கடித்தார். குடியேறி வந்தவர்கள்மீது மக்களுக்கு இருந்த வெறுப்புதான் அந்தத் தேர்தலில் பேசியது. நிறத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்ட அசிங்கமான பிரசாரம் அந்த ஊரில் நடந்தது. நாடே வெட்கப்பட்டது.

அத்தோடு நிற்கவில்லை. அந்த ஊரில் மார்ஷல் தெரு என்று ஒரு தெரு. அங்கே காலியாகும் வீடுகளை நகரசபையே வாங்கி, வெள்ளையருக்கு மட்டும் வாடகைக்கு விட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். மத்திய சர்க்கார் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இந்தச் செய்தி கடல் கடந்து போயிற்று. அமெரிக்கக் கருப்பர்களின் தலைவர் மால்கம் எக்ஸ், 1965-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி ஸ்மெதிக்குக்கே வந்துவிட்டார். மார்ஷல் தெருவில் நடந்தார். அவரை ஜோஹலும் தோழர்களும் ஊரில் இருந்த ஒரு பப்புக்கு அழைத்துச் சென்றார்கள். உலகமே அறிந்த தலைவர் என்றாலும் வெள்ளையர் அறையில் அவருக்கும் மறுப்புதான்!

அதற்கு 9 நாட்கள் கழித்து, பிப்ரவரி 21-ந் தேதி, நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மாணவர்கள் செய்த உதவி

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் முக்கியமான பகுதி. வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

பப்பில் பேதம் காட்டுகிறார்கள் என்று இந்தியர்கள் மட்டும் புகார் சொன்னால் யார் நம்புவார்கள்? "அறை நிரம்பியிருந்தது", "அவர்கள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள்" என்று கடைக்காரர் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சாட்சி வேண்டுமே!

இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் படித்த வெள்ளைக்கார மாணவர்களைத் துணைக்கு அழைத்தார்கள்.

மாணவர்கள் முதலில் பப்புக்குள் போவார்கள். வசதியான அறையில் அவர்களுக்கு மரியாதையோடு பரிமாறுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து இந்தியத் தொழிலாளர்கள் அதே அறைக்குள் போவார்கள். "உங்களுக்கு இங்கே இல்லை" என்று பதில் வரும். மாணவர்கள் இதைக் கண்ணால் பார்ப்பார்கள். அவர்களே சாட்சி!

ஒரு பப் அல்ல. ஒன்று மாற்றி ஒன்றாகப் பல பப்களில் இப்படிச் செய்தார்கள். பப் நடத்த லைசென்சு வேண்டும். லைசென்சு தருபவர்கள் மாஜிஸ்திரேட்டுகள். "இவர்களுக்கு லைசென்சைப் புதுப்பிக்கக் கூடாது" என்று அந்தச் சாட்சியங்களோடு ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

அந்த மாணவர்களுக்கு இதில் என்ன லாபம்? ஒன்றும் இல்லை. அவர்களை யாரும் விரட்டவில்லை. மெத்தையில் சாய்ந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எனக்குக் கிடைக்கிறது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் மனிதத்தன்மை நிற்கிறது.

சட்டம் வந்தது

நிறபேதத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பென்னர் பிராக்வே என்பவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பல ஆண்டுகள் விடாமல் போராடி வந்தார். இந்தியச் சுதந்திரத்துக்குக் குரல் கொடுத்த நண்பர் அவர். அவர் கொண்டுவந்த மசோதாக்கள் திரும்பத் திரும்பத் தோற்றன.

கடைசியில் 1965-ம் ஆண்டில் "இன உறவுச் சட்டம்" வந்தது. நிறத்தையோ இனத்தையோ காரணம் காட்டி ஓட்டலிலும் பப்பிலும் சினிமாக் கொட்டகையிலும் ஒருவரை மறுக்கக் கூடாது என்றது. இங்கிலாந்தில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் தடவை.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. வேலையும் வீடும் அதில் இல்லை. 1968-ம் ஆண்டில்தான் அவை சேர்ந்தன. அங்கத்தினர் சந்தாக் கட்டி நடத்தும் தொழிலாளர் கிளப்புகளுக்கு 1976-ம் ஆண்டு வரை விலக்கு இருந்தது. பப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கிளப்பில் சேர்க்காமல் விடலாம்! இது எப்படி இருக்கிறது?

சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைச் சட்டத்தால் மலர வைக்க முடியுமா? திறந்த கதவுக்குள்ளும் முறைத்துப் பார்க்கும் கண்கள் இருந்தன. அதை மாற்ற இன்னொன்று தேவைப்பட்டது.

சாவி கை மாறியது

1970-க்குப் பிறகு அந்த வட்டாரத்தின் ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. 1980-க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. உலைகள் அணைந்தன. வெள்ளைக்காரரும் வேலை இழந்தார்; பஞ்சாபியும் வேலை இழந்தார்.

ஆலை மூடினால் பப்புக்கு யார் வருவார்? பப்களும் ஈயடித்தன. நடத்த ஆளில்லாமல் அவற்றைக் கைமாற்றிவிட்டார்கள். அப்போது துணிந்து முன்வந்தவர்களில் பஞ்சாபிகள் பலர். ஆலை மூடியபோது கையில் கிடைத்த பணத்தைப் போட்டுப் பப் எடுத்தவர்களும் உண்டு.

ஒரு காலத்தில் எந்த அறைக்குள் நுழையக் கூடாது என்றார்களோ, அந்த அறையின் சாவி அவர்கள் இடுப்பில் வந்து சேர்ந்தது!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர்கள் என்ன செய்திருக்கலாம்? "இது எங்கள் கடை. எங்கள் ஆட்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டியிருக்கலாம். வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்லியிருக்கலாம். பழிவாங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. "சிவப்புச் சிங்கம்", "திராட்சைக் கொடி" என்ற பொருளில் கடைகளுக்கு இருந்த பழைய இங்கிலீஷ் பெயர்களைக்கூடப் பலர் மாற்றவில்லை. முப்பது வருடமாக ஒரே மூலையில் உட்கார்ந்து வந்த வெள்ளைக்காரப் பெரியவரின் நாற்காலியை யாரும் அசைக்கவில்லை. அவர் வந்தால் கேட்காமலே அவருக்கு வழக்கமானது வந்தது. பின்கட்டில் மட்டும் ஒரு மாற்றம்: அங்கே அடுப்பு எரிந்தது!

"மிக்ஸட் கிரில்"

அந்த ஊர்ப் பப்களில் முன்பெல்லாம் என்ன சாப்பாடு கிடைக்கும்? பாலாடைக் கட்டியும் வெங்காயமும் வைத்த ரொட்டி. காடியில் ஊறிய முட்டை. பன்றித் தோல் வறுவல். அவ்வளவுதான். பசியாற அது போதாது.

புதிய முதலாளிகள் கரி அடுப்பை மூட்டினார்கள். தயிரிலும் மசாலாவிலும் ஊறிய கோழியைக் கம்பியில் கோத்துச் சுட்டார்கள். தாயின் கைப்பக்குவம் கடைக்கு வந்தது.

அந்தக் கடைகளில் இன்று எல்லோரும் கேட்கும் பண்டத்துக்கு "மிக்ஸட் கிரில்" என்று பெயர். பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் சுட்ட கோழித் துண்டு, கொத்துக்கறிக் கபாப், ஆட்டு விலா எலும்புக் கறி எல்லாவற்றையும் குவித்துக் கொண்டுவருவார்கள். தட்டு "சுர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். அது போகிற வழியெல்லாம் தலைகள் திரும்பும். பக்கத்தில் நான் ரொட்டி. புதினாச் சட்டினி. சைவக்காரர்களுக்கு மிளகாய் போட்டு வதக்கிய பனீர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "மிக்ஸட் கிரில்" என்பது பஞ்சாபிப் பெயர் அல்ல. பழைய இங்கிலீஷ் பெயர்! ஆட்டுக்கறி, குண்டிக்காய், சாசேஜ், தக்காளி எல்லாம் சேர்த்து வாட்டித் தருவதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர் அது. பஞ்சாபிகள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பதை மாற்றிவிட்டார்கள். பெயர் அவர்களுடையது, மசாலா இவர்களுடையது. இரண்டு பேரும் "எங்கள் ஊர்ச் சாப்பாடு" என்று சொல்லிக்கொள்ளலாம்!

பப்புக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொதுவாக அங்கே மேஜைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். பணக்காரரானாலும் ஏழையானாலும் எழுந்துபோய்க் கடை மேடையில் சொல்லிவிட்டு வர வேண்டும். யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதலில். தெரியாமல் முந்திக்கொண்டால், "அவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார். நிறம் பார்த்து முறை வைத்த ஊரில், வந்த வரிசைப்படி முறை நடக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

ஊரைக் காத்த அடுப்பு

2000-ம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60 ஆயிரம் பப்கள் இருந்தன. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்குள் சுமார் 15 ஆயிரம் குறைந்துவிட்டன. வரி அதிகம், பெரிய கடைகளில் பீர் மலிவு, 2007-ம் ஆண்டில் இங்கிலாந்துப் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது, 2020-ம் ஆண்டில் கொரோனா வந்து எல்லாக் கதவுகளையும் சாத்தியது. பப் மூடினால் அந்தத் தெருவுக்குத் திண்ணை போய்விடுகிறது.

அந்த நெருக்கடியிலும் ஸ்மெதிக்கிலும் வெஸ்ட் பிராம்விச்சிலும் பல பப்கள் பிழைத்ததற்குப் பஞ்சாபி அடுப்பு முக்கியக் காரணம். குடிக்க மட்டும் வருகிறவர் தனியாக வருவார். சாப்பிட வருகிறவர் குடும்பத்தோடு வருவார். கடைக்கு எது லாபம் என்று நமக்குத் தெரியாதா?

இந்தக் கடைகளை அங்கே "தேசி பப்" என்று அழைக்கிறார்கள். இவற்றைப் பற்றி 2023-ம் ஆண்டில் ஒரு புத்தகமே வந்தது. எழுதியவர் டேவிட் ஜேசுதாசன். நம் வாசகர்களுக்கு மிகவும் பழக்கப்பட்ட பெயராக இருக்கிறதல்லவா? அதை வெளியிட்டது, இங்கிலாந்தின் பழைய பீர் வகைகளையும் பப்களையும் காப்பதற்காக 1971-ம் ஆண்டில் தோன்றிய இயக்கம். தேசி பப்பை அவர்கள் அந்நியமாக நினைக்கவில்லை. தங்கள் நாட்டுச் சொத்தாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

வெஸ்ட் பிராம்விச்சில் உள்ள ஒரு தேசி பப்பில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். மாதா கோவிலில் இருக்குமே, அதுபோன்ற கண்ணாடி. அதில் தீட்டியிருப்பது பஞ்சாபிகள் அந்த ஊருக்கு வந்து குடியேறிய கதை!

சாப்பாடு மட்டும் போதுமா?

"சேர்ந்து சாப்பிட்டால் எல்லாப் பகையும் தீர்ந்துவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தீராது. 2024-ம் ஆண்டு ஜூலை கடைசியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பல ஊர்களில் கலகம் நடந்தது. ஒரு கொடிய கொலையைப் பற்றிப் பரவிய பொய்ச் செய்தியை நம்பி, மசூதிகளையும் அகதிகள் தங்கியிருந்த ஓட்டல்களையும் கும்பல்கள் தாக்கின. கல் எறிந்தவர்களில் எத்தனை பேர் முதல் நாள் இரவு நம் நாட்டுக் கறியை ருசித்துச் சாப்பிட்டார்களோ!

ஒருவர் சமைத்ததை விரும்புவது வேறு. சமைத்தவரை மதிப்பது வேறு. முதலாவது நாக்கோடு நின்றுவிடும்.

ஆகவே, சாப்பாடே எல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்மெதிக்கில் மூன்று காரியங்கள் நடந்தன. அவமானப்பட்டவர்கள் பணியாமல் நின்றார்கள். அவமானப்படாதவர்களில் சிலர் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். சர்க்கார் சட்டம் செய்தது. இந்த மூன்றும் சேர்ந்து கதவைத் திறந்தன. திறந்த கதவு மறுபடி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது சாப்பாடு. ஒரே மேஜையில் பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவர்களைப் பிரிப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

அவதார் சிங் ஜோஹல் 2022-ம் ஆண்டில் காலமானார். ஒரு காலத்தில் அவரை வெளியே நிற்கவைத்த நாடு, 2000-ம் ஆண்டில் அவருக்கு ஓ.பி.ஈ. பட்டம் கொடுத்தது. அதைவிடப் பெரிய பட்டம் அந்த ஊர்ப் பப்களில் சனிக்கிழமை தோறும் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில்?

இதுவரை படித்ததும், "வெள்ளைக்காரன் எவ்வளவு கொடுமை செய்திருக்கிறான்!" என்று உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு கொஞ்சம் வெட்கமும் வந்தது.

கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் நுழைய விடாமல் ஜாதியையோ மதத்தையோ இனத்தையோ காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் என்று அமுலுக்கு வந்தது? 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1965-ல். நாம் 15 வருடம் முந்திவிட்டோம்!

ஆனால், "இந்த ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை" என்ற செய்தி இன்றும் அவ்வப்போது வருகிறதே! ஒருவருக்குக் கண்ணாடித் தம்ளர். இன்னொருவருக்கு வேறு தம்ளர். ஒருவருக்கு பெஞ்சு, இன்னொருவர் நின்றுகொண்டு குடிக்க வேண்டும். ஸ்மெதிக்கின் இரண்டு அறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே நிறம், இங்கே ஜாதி. அங்கே கடல் கடந்து போனவர்களுக்கு. இங்கே கூடப் பிறந்த மண்ணின் மக்களுக்கு.

சுதந்திர தினத்தன்று நம் கோவில்களில் பொது விருந்து நடக்கிறது. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது வருஷத்தில் ஒரு நாள். டீக்கடை வருஷம் முழுவதும் திறந்திருக்கிறது. சமபந்தி தினமும் நடக்க வேண்டிய இடம் அதுதான்.

இரட்டைக் குவளையை யார் எதிர்த்துக் கேட்பது? அவமானப்பட்டவர் கேட்டால் அடி விழுகிறது; வேலை போகிறது. ஆகவே நல்ல தம்ளரில் டீ வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். பர்மிங்காம் மாணவர்கள் செய்தது அதைத்தான். மெத்தையில் இடம் கிடைத்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஊருக்கு ஒரு மேஜை கிடைத்தது.

நாளைக் காலையில் நீங்கள் டீக் குடிக்கப் போவீர்கள். கடைக்காரரின் பலகைமேல் எத்தனை விதத் தம்ளர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். ஒரே விதமாக இருந்தால், மகிழ்ச்சியோடு குடித்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

இரண்டு விதமாக இருந்தால், உங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, அந்தத் தம்ளரிலேயே எனக்கும் கொடுங்கள்" என்று கேளுங்கள்.